நேசமணியும் அபூ ஸைதும்

அரபு மத்ரஸாக்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வியாழன் பிற்பகல் கிதாபுகள் மூடப்பட்டால் சனிக்கிழமை காலைவரை ஓதும் பிள்ளைகளுக்கு ஓய்வுதான். நாம் ஓதிய காலத்தில் அந்த ஓய்வில் நமக்கு வாய்த்தவை, துவைக்க வேண்டிய துணிகளும், ஜும்ஆவுக்குப் பின் ஒரு நல்ல சாப்பாடும், எவரோ படித்துவிட்டு எறிந்த வார இதழொன்றின் துணுக்குப் பக்கமுமே. அந்தப் பக்கத்தை ஒருவன் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றியமர்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் நம் காதில் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்குத் துணுக்குப் பக்கம் கைபேசியில் வருகிறது. அதற்கு 'மீம்' என்று பெயர். திரைப்படக் காட்சியொன்றை எடுத்து, அதன்மேல் இரண்டு வரி எழுதி, ஊரெங்கும் அனுப்பிவிடுகின்றனர்.

இத்தகைய சில்லறைச் சிரிப்புகளை ஓர் இலக்கியத் திங்களிதழில் ஆராய்வானேன் என்று வினவும் பெரியவர்கள் இருக்கக்கூடும். கஞ்சர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியவர் ஜாஹிள். பக்தாதில் பெருங்கூட்டங்களைத் தம் உபதேசத்தால் அழவைத்த இப்னுல் ஜௌஸி, மடையர்களின் கதைகளைத் தேடித் திரட்டி ஒரு நூல் செய்தார். அவர்களுடைய கண்ணியம் அதனால் குறைந்துவிடவில்லை. நமக்கு அவ்வளவு கண்ணியமும் இல்லை. ஆகவே அச்சமும் இல்லை.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த நேசமணி விவகாரம். ஆண்டுகள் பல கடந்துவிட்டன. எனினும் சூடு ஆறிய பிறகே ஒரு நகைச்சுவையை எடைபோட முடியும் என்பது நம் கருத்து. ஆறிய பின்னும் சுவைக்கிறதா என்பதுதானே சோதனை.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். கட்டுமானப் பொறியியல் பயில்வோருக்கென்று முகநூலில் ஒரு பக்கம். அது பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்டது எனச் செய்தித்தாள்கள் எழுதின. அப்பக்கத்தில் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, 'உங்கள் நாட்டில் இதற்குப் பெயர் என்ன?' என்று கேட்டிருந்தனர். தமிழ் இளைஞர் ஒருவர் விடை எழுதினார். இதன் பெயர் சுத்தியல் என்றார். அடித்தால் எழும் ஓசை இன்னது என்றார். ஜமீன் மாளிகையில் பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை அவருடைய உறவினனால் இக்கருவி கொண்டே உடைக்கப்பட்டது என்றும் எழுதி நிறுத்திக்கொண்டார். அதனைக் கண்ட மற்றொருவர், 'இப்போது அவர் நலமா?' என்று கேட்டார். அவ்வளவுதான். மே 29 இரவுக்குள் 'பிரே ஃபார் நேசமணி', அதாவது நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்னும் தொடர், அப்போது ட்விட்டர் என்று வழங்கிய தளத்தில் இந்தியாவில் முதலிடத்துக்கு ஏறி, உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. மறுநாள் மே 30. புதுடில்லியில் மத்திய அமைச்சரவை பதவியேற்ற நாள். நாட்டின் கண்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். தமிழர்களோ ஒரு சாயக்காரரின் மண்டைக் காயத்துக்கு நலம் விசாரித்துக்கொண்டிருந்தனர்.

நேசமணி என்பவர் பிறக்கவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' என்னும் படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. 1999-இல் இதே பெயரில் மலையாளத்தில் தாம் எடுத்த படத்தைச் சித்தீக் அவர்களே தமிழிலும் இயக்கினார். கொச்சியைச் சேர்ந்த அந்த நகைச்சுவைக் கலைஞர் 2023 ஆகஸ்டில் மறைந்தார். படத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வர்ணம் பூச வருகிறது நேசமணியின் கூட்டம். மேலேயிருந்து நழுவிய சுத்தியல் அவர் தலையில் விழுகிறது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த அடிக்கு நாடே மருந்து தேடியது.

இனி நம் வேலைக்கு வருவோம். முதல் விடையை எழுதிய இளைஞரின் திறம் எங்கே இருக்கிறது? கேட்கப்பட்டது ஓர் அகராதிக் கேள்வி. அரபு லுஃகத்துக் கிதாபுகளைப் புரட்டியவர்கள் அந்த முறையை அறிவர். முதலில் சொல் வரும். அடுத்து அதன் விளக்கம் வரும். மூன்றாவதாக, இச்சொல் இவ்வாறு வழங்கியது என்பதற்குச் சான்றாக 'ஷாஹித்' ஒன்று வரும். பெரும்பாலும் அது பழங்கவிஞர் ஒருவரின் பாட்டாக இருக்கும். இந்த இளைஞர் லிஸானுல் அரபைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஆயினும் அதே ஒழுங்கில் எழுதினார்: பெயர், ஓசை, பிறகு ஷாஹித். வேறுபாடு ஒன்றே. அகராதிக்காரர் இம்ரவுல் கைஸைச் சான்றுக்கு அழைப்பார். இவர் நேசமணியை அழைத்தார். பொறியியல் பக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பொறியியல் மாணவனின் முகத்தோடு விடை சொன்னார். சிரிப்புக்குறி ஒன்றும் போடவில்லை. கேலியின் நிழல்கூட விழாமல் இரங்கும் தொனியில் முடித்தார். நகைச்சுவை எழுதுவோர் பலர் சறுக்கும் இடம் இது. நான் சிரிப்பூட்டுகிறேன் பார் என்று முதல் வரியிலேயே பல்லைக் காட்டிவிடுவர்.

ஆயினும் முழுப் புகழையும் அவருக்கே கொடுத்துவிட நமக்கு மனமில்லை. 'இப்போது அவர் நலமா?' என்று கேட்டாரே இரண்டாமவர், பாதிப் படைப்பு அவருடையது. அவர் சிரித்து ஒரு குறியிட்டுப் போயிருந்தால் அந்த விடை ஆயிரம் விடைகளில் ஒன்றாய் அடியில் அமிழ்ந்திருக்கும். வேடிக்கை நிற்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் அதைச் செய்தியாகவே ஏற்றுக் கேட்க வேண்டும்.

அந்த இரண்டாம் மனிதரைப் படித்தபோதுதான் நமக்கு ஹாரித் இப்னு ஹம்மாமின் நினைவு வந்தது. மத்ரஸாவில் ஓதியோருக்கு ஹரீரியின் மகாமாத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சில சொற்கள். பஸ்ராவைச் சேர்ந்த ஹரீரி (மறைவு ஹி. 516, கி.பி. 1122) ஐம்பது மகாமாக்களைச் செய்தார். ஒவ்வொன்றிலும் ஹாரித் என்னும் பயணி ஏதேனும் ஓர் ஊருக்குப் போகிறார். அங்கே நாவன்மை மிக்க ஒருவன் கூட்டத்தை மயக்கிப் பொருள் பறிக்கிறான். குருடனாக வருவான், காளி முன் வழக்காடியாக வருவான், உபதேசியாக வருவான். இறுதியில் ஹாரித் உற்றுப் பார்த்தால் அவன் அதே அபூ ஸைத் ஸரூஜி! ஸமர்கந்தில் ஒரு வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறி, புள்ளியுள்ள எழுத்து ஒன்றுகூட வராமல் முழுக் குத்பாவையும் ஓதுகிறான் அபூ ஸைத். அன்று இரவே அவனை மதுக்கிண்ணத்தோடு காண்கிறார் ஹாரித். அரபு எழுத்துகளில் பாதிக்கு மேல் புள்ளியுள்ளவை என்பதை எண்ணினால் அந்தக் குத்பாவின் அருமை விளங்கும். படமும் வாசகமும் சேர்ந்த சிரிப்பு இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம். ஹி. 634 (கி.பி. 1237)-இல் வாஸித்தீ என்பவர் இந்த மகாமாத்தைக் கையால் எழுதி, காட்சிதோறும் வண்ணப்படம் தீட்டினார். அப்பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அபூ ஸைதையும் நேசமணியையும் அருகருகே நிறுத்தினால் ஒற்றுமையைவிட வேற்றுமையே சுவையாக இருக்கிறது. அபூ ஸைத் கந்தலில் வருவான், வென்று போவான். வடிவேலுவின் மாந்தரோ பட்டத்தோடு வருவர், அடிபட்டுப் போவர். 'வின்னர்' (2003) படத்துக் கைப்புள்ளை ஒரு சங்கத்துக்குத் தலைவர். 'தலைநகரம்' (2006) படத்து நாய் சேகருக்குத் தாம் ரவுடி என்று ஊர் ஒப்புக்கொண்டால் போதும். 'எல்லாம் அவன் செயல்' (2008) படத்து வண்டு முருகன் வழக்கறிஞர். நேசமணி வெறும் சாயக்காரர் அல்லர், கான்ட்ராக்டர். அந்தப் பட்டத்தைத் தலையில் தூக்கிவைத்து நடக்கிறார். அந்தத் தலையில்தான் சுத்தியல் விழுகிறது. அபூ ஸைத் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். நேசமணியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்துவிட்டு, பாவம் என்கிறோம். ஏமாற்றிப் போனவனுக்காக எவரும் பிரார்த்திக்க மாட்டார், அடிபட்டவனுக்காகப் பிரார்த்திக்கலாம். அந்தத் தொடர் பரவியதற்கு இதுவே அடிப்படை என்பது நம் முடிபு.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 2018 முதல் 2021 வரை வடிவேலு நடித்த புதுப்படம் ஒன்றும் வெளிவரவில்லை. ஆயினும் அந்த ஆண்டுகளில் அவர் முகம் இல்லாத கைபேசி தமிழ்நாட்டில் அரிது. பழமொழி சொல்லிப் பேசிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள், வடிவேலுவின் முகத்தைச் சொல்லாக வைத்துப் பேசினர். ஒரு கலைஞனைத் திரையரங்கம் மறந்திருந்தபோது மக்களின் பேச்சு காத்துவந்தது என்றால் அது சிறிய செய்தியன்று. 2023-இல் 'மாமன்னன்' படத்தில் சிரிப்பே இல்லாத முகத்தோடு அவர் வந்தபோது நாடு அதனையும் ஏற்றுக்கொண்டது.

அந்த விவகாரத்தில் குறையும் உண்டு. முதல் இரவில் எழுதப்பட்டவை நன்று. மறுநாள் அரசியலார் நுழைந்தனர், விளம்பரக்காரர் நுழைந்தனர், சிரிக்கத் தெரியாதவரெல்லாம் தம் பங்குக்கு ஒரு மருத்துவ அறிக்கை எழுதினர். அத்தோடு உப்புக் கரைந்துவிட்டது. அரிசி ஒரு படிக்குத் தண்ணீர் பத்துப் படி என்றால் சோறு ஏது?

நிற்க. நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அது ரமலான் மாதம்; மே 31 அவ்வாண்டு ரமலானின் கடைசி வெள்ளி. மத்ரஸா விடுமுறையாதலால் நாமும் வீட்டில் இருந்தோம். ஜும்ஆ முடிந்து, நோன்பின் களைப்பில் கூடத்தில் படுத்திருந்த பிள்ளைகள் கைபேசியைப் பார்த்து நேசமணியின் உடல்நிலையை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டிக் கொண்டிருந்தனர். நம் மாமியார், பிள்ளைகளுக்கு நன்னி, எண்பதைத் தொட்டவர், தஸ்பீஹ் மணியோடு மூலையில் அமர்ந்திருந்தார். திடீரென்று இரு கைகளையும் ஏந்தி, "யா அல்லாஹ், அந்தச் சாயக்காரப் பிள்ளைக்கு ஷிஃபாவைக் கொடு, அதை நம்பி இருக்கிற வீட்டைக் காப்பாற்று" என்று துஆ செய்தார். பிள்ளைகள் வெடித்துச் சிரித்தனர். நமக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டோம். அடுத்த கணமே அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தியது. நோன்பு வைத்த நாவு, ரமலானின் கடைசி வெள்ளி. அத்தகைய நேரத்துத் துஆ இல்லாத ஒரு மனிதனுக்குப் போயிற்றே! அதைப் பார்த்துச் சிரித்தோமே!

நாம் மகாமாத்தைப் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கிறோம். அதன் முன்னுரையில் ஹரீரி தமக்காக வாதாடும் இடத்தை நாம் மனப்பாடமாகவே அறிவோம். நடவாததை நடந்ததாக எழுதலாமா என்று தம்மைக் கேட்பார்கள் என அவருக்குத் தெரியும். மிருகங்களும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகக் கதை சொன்னவர்களை எவர் குறை கூறினார் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்கிறார். தாம் கருதியது ஏமாற்றத்தை அன்று, படிப்பினையை என்கிறார். அவர் பஸ்ராவில் வகித்த பதவி ஸாஹிபுல் கபர், அதாவது ஊர்ச் செய்திகளை அரசுக்கு அறிவிக்கும் அதிகாரி என்பதையும் சேர்த்து எண்ணினால் அந்த முன்னுரைக்குத் தனிச்சுவை உண்டு. பகலில் உண்மைச் செய்தி. இரவில் அபூ ஸைத்!

அன்று பிற்பகல் அந்த வாதம் நமக்குப் போதவில்லை. எண்ணம் நல்லதாக இருந்தால் போதும் என்பது சொல்பவரின் பக்கத்து நியாயம். கேட்பவரின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாமா? நரி பேசுகிறது என்றால் கைக்குழந்தையும் அது கதையென அறியும். கான்ட்ராக்டர் ஒருவரின் தலை உடைந்தது என்றால் அறியாதவர் அறியார். பிறரைச் சிரிக்கவைப்பதற்காகப் பொய் பேசுபவனுக்குக் கேடு என்னும் நபிமொழியை அபூதாவூதும் திர்மிதியும் பதிந்துள்ளனர். அதே நபிகள் பெருமானார் (ஸல்), ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகத்தின் பிள்ளையைத் தருவோம் என்றார்கள்; அவர் குட்டியை வைத்து என்ன செய்வது என்று திகைத்தபோது, எந்த ஒட்டகந்தான் ஒட்டகத்துக்குப் பிள்ளையன்று என்றார்கள். அங்கே திகைத்தவரும் ஒரு நொடியில் சிரித்தவர்களோடு சேர்ந்துவிடுகிறார். வெளியே நிற்பவர் எவருமில்லை.

ஆகவே விகடத்தை நாம் அளக்கும் கோல் இதுதான். அதனை மெய்யென்று நம்பிவிட்ட ஒருவருக்கு என்ன நேர்கிறது? சிரித்தவரைக் கொண்டு அளக்கலாகாது. சிரித்தவருக்கு எல்லாமே இனிப்புத்தான். இக்கோலால் அளந்தால், உயிரோடிருக்கும் பாடகரை இறந்துவிட்டார் என்று எழுதி, அவர் வீட்டார் தொலைபேசி எடுத்து எடுத்துக் களைக்கும்படி செய்யும் செய்திகள் விகடத்தில் சேரா. குடும்பக் குழுக்களில் நாள்தோறும் வந்து விழும் அத்தகையவற்றை, வேடிக்கைக்குத்தான் அனுப்பினேன் என்று சொல்லும் மருமகன்மாரும் மச்சான்மாரும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ளனர். அனுப்பியவர் பெயரைக் கேட்டால் யாரோ அனுப்பினார்கள் என்பர். ஸனது இல்லாத ரிவாயத்து! நேசமணியின் வேடிக்கைக்கு அந்தச் சிறப்பும் இருந்தது. முதலில் எழுதியவர் இன்னாரென்று ஊரறிய, எங்கே தொடங்கியது என்பது தெரிய, அது பரவிற்று. 'பாரிசுக்காகப் பிரார்த்தியுங்கள்' என 2015 நவம்பரில் அந்நகரத் தாக்குதலுக்குப் பின் உலகெங்கும் ஓடிய தொடரின் வார்ப்பில்தான் இத்தொடரும் செய்யப்பட்டது. துயரம் எதுவாயினும் ஒரு வரியைத் தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போகும் வழக்கத்தையே அது கிள்ளியது; செத்தவர்களையன்று.

நேசமணியை மெய்யென்று நம்பியவருக்கு என்ன நேர்ந்தது? நம் வீட்டில் நம்பியவர் ஒருவர் இருந்தாரே. சிரிப்பு அடங்கியதும் மூத்த பேரன் வெட்கப்பட்டு, "நன்னி, அது படத்துல வர்ற ஆளு, வடிவேலு" என்று உண்மையைச் சொன்னான். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். "படமா இருந்தா என்னத்தா? சாரத்துல ஏறிச் சாயம் அடிக்கிறவன் தலையில சுத்தியல் விழாமலா இருக்கும்? எந்த ஊர்லயோ எவனுக்கோ விழுந்திருக்கும். அவனுக்குப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு மீண்டும் மணியை உருட்டலானார். பிள்ளைகள் இப்போதும் சிரித்தனர். ஆனால் முன்னது போன்ற சிரிப்பாக அது இல்லை.

ஹரீரிக்கு நாம் செய்த குறைக்குக் கழுவாயாக அவருடைய கடைசி மகாமாவைச் சொல்ல வேண்டும். பாடத்தில் பெரும்பாலும் முதற் சில மகாமாக்களோடு நின்றுவிடுவதால் ஐம்பதாவதைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். அது ஹரீரியின் சொந்த ஊராகிய பஸ்ராவில் நடக்கிறது. பள்ளிவாசலில் அபூ ஸைத் எழுந்து நின்று, ஊராரைப் புகழ்ந்து, தன் பாவங்களைச் சொல்லி அழுது, தனக்குத் தவ்பா கிடைக்கத் துஆ செய்யுமாறு வேண்டுகிறான். மக்கள் கையேந்துகின்றனர். நாற்பத்தொன்பது மகாமாக்களில் அவனை அறிந்த ஹாரித், இதுவும் பழைய கதைதான் என்று அவன் பின்னே போகிறார். அபூ ஸைதும் மறைக்கவில்லை. ஏமாற்றத்தான் எழுந்து நின்றேன், ஆனால் இவர்களுடைய துஆ என்னை விட்டுவைக்கவில்லை என்கிறான். ஊருக்குத் திரும்பிய அவனைப் பின்னர் ஹாரித் தேடிச் சென்று காணும்போது, கம்பளி உடுத்து, தொழுகையும் அழுகையுமாக இருக்கிறான். பஸ்ராவாசிகளுக்கு அவன் பொய்யன் என்று தெரியாது. தெரியாமல் கேட்ட துஆதான் வேலை செய்தது. கேட்பவரின் பக்கத்தை ஹரீரி மறக்கவில்லை. முன்னுரையில் வைக்காமல் முடிவில் வைத்திருக்கிறார். நாம்தான் முன்னுரையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஆசிரியரோடு வழக்காடினோம்.

நம் தமிழிலும் சீதக்காதி நொண்டி நாடகத்தில் கள்வன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்லி வருகிறான். அதனை இம்மகாமாவோடு வைத்து ஒப்பிட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை, அது தனிக்கட்டுரையாகும்.

இவ்வாண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகாமல் மத்ரஸாவிலேயே தங்கியிருந்த பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு அந்த ஐம்பதாம் மகாமாவை வாசித்துக் காட்டினோம். இடையே நேசமணியையும் நன்னியையும் சொன்னோம். நேசமணியை எல்லோரும் அறிந்திருந்தனர். அந்த ஆண்டில் அவர்கள் சிறுபிள்ளைகள், ஆயினும் படத்தைக் கைபேசியில் பார்த்திருந்தனர். நன்றாகச் சிரித்தனர். ஒரு பிள்ளை மட்டும், "உஸ்தாத், அந்த நன்னி இருக்கிறாங்களா?" என்று கேட்டான். இருக்கிறார். காதுதான் இப்போது சரியாகக் கேட்பதில்லை. கூடத்தில் பிள்ளைகள் சிரித்தால், யாருக்கு என்ன என்று சைகையால் கேட்கிறார்.